இருபத்து நான்கு டிகிரி

ஞானசுந்தரி அதை ஒரு நல்ல செய்தியாகத்தான் சொன்னாள். சமையலறையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, பேத்தியைக் குளிப்பாட்ட இப்போதெல்லாம் வெந்நீர் போட வேண்டியதே இல்லை என்றாள். காலனி அடிபம்பில் அடித்தாலே தண்ணீர் பதமான சூட்டில் வருகிறதாம். பிறந்து இருபது நாளான குழந்தைக்கு வேறென்ன வேண்டும், கேஸும் மிச்சம் என்று சிரித்தாள்.

இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்த உமையாளின் கை அப்படியே நின்றது.

"எத்தன நாளா ஞானக்கா?"

"சித்திர பொறந்ததுலேர்ந்து வெதுவெதுன்னுதான் வருது மேடம். இப்ப ரெண்டு வாரமா நல்லாவே சூடு. வெயில்ல பைப்பு காயுதுல்ல, அதான்."

விடியற்காலை அடித்தாலும் அப்படித்தானா என்று உமையாள் கேட்டாள். ஞானசுந்தரி கீரையை வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். ஆமாம், நாலரை மணிக்கு அடித்தாலும் சூடாகத்தான் இருக்கிறது என்றாள். அதில் என்ன விசேஷம் என்று அவளுக்குப் புரியவில்லை. உமையாளுக்குப் புரிந்தது. வெயிலில் காய்ந்த குழாய் இரவு முழுக்கச் சூடாக இருக்காது. சூடு மேலேயிருந்து வரவில்லை.

தண்பொழில் குடியிருப்பில் உமையாள் வெப்பப் பொறியாளர். எட்டு அடுக்ககங்கள், பதினோராயிரம் பேர்; ஒரு வீட்டில்கூட ஏ.சி. கிடையாது. ஆனாலும் கோடையின் உச்சியில், வெளியே நாற்பத்தெட்டு டிகிரி கொதிக்கும்போது, உள்ளே எப்போதும் இருபத்து நான்கு. சுவர்களின் பூச்சுக்குள் நரம்பு போல மெல்லிய குழாய்கள் ஓடின. அவற்றில் ஓடும் திரவம் அறையின் வெப்பத்தை, மனிதர்களின் உடல் சூட்டை, அடுப்பின் அனலை எல்லாம் உறிஞ்சிக் கீழே கொண்டுபோனது. எழுபது மீட்டர் ஆழத்தில், களிமண்ணுக்கு அடியில் இருக்கும் மணல் படுகையில் அதைக் கொட்டியது. அந்த இடத்துக்கு வெப்பக் கிடங்கு என்று பெயர். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பும்போது அந்தத் தண்ணீரைக் கிடங்கு வழியாக ஓடவிட்டுக் கடலில் சேர்ப்பார்கள். வருஷம் முழுக்கச் சேர்ந்த சூடு அதோடு போய்விடும். ஏ.சி. பெட்டிகள் தெருவுக்குள் ஊதிய அனல் நகரத்தையே அடுப்பாக்கி, அரசாங்கம் அவற்றைத் தடை செய்த காலம் அது. இயற்கையின் சமநிலையைக் குலைக்காத வீடு என்று தண்பொழிலின் வாசலில் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள்.

உமையாள் அந்தக் கல்லைப் பார்த்து இங்கே வரவில்லை. அவள் மகள் நன்முல்லைக்காக வந்தாள். முல்லைக்குப் பிறவியிலேயே வியர்வைச் சுரப்பிகள் இல்லை. மற்றவர்களுக்கு வியர்த்து ஆறும் உடம்பு அவளுக்கு ஆறாது; உலை போல ஏறிக்கொண்டே போகும். காரைக்குடியில் இருந்தபோது, ஈரப் பருத்திச் சட்டையைப் போட்டு, அரைமணிக்கு ஒருமுறை அதை நனைத்து, மின்சாரம் போகும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு பதறி, அப்படித்தான் ஐந்து வருஷம் அவளை வளர்த்தாள். இரண்டு முறை வலிப்பு வந்தது. இரண்டாவது முறை, பிழைத்தது அதிர்ஷ்டம் என்றார் மருத்துவர். கணவர் கப்பலில் வேலை பார்ப்பவர். வருஷத்தில் இரண்டு மாதம்தான் வீடு. தண்பொழிலில் பொறியாளர் வேலையோடு வீடும் உண்டு என்று தெரிந்ததும் உமையாள் மறுநாளே விண்ணப்பித்தாள். வந்து நாலு வருஷம். ஒன்பது வயது முல்லை இப்போது காய்ந்த சட்டை போட்டுக்கொண்டு ஓடி விளையாடுகிறாள், மாடிப்படியில் குதிக்கிறாள், சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு படிக்கிறாள்.

அன்று அலுவலகத்துக்குப் போனதும் உமையாள் முதலில் கிடங்கின் வெப்ப அளவைத் திறந்து பார்த்தாள். நாற்பத்து நான்கு. போன மாதம் நாற்பத்து நான்கு. போன வருஷமும் நாற்பத்து நான்கு. இந்த எண்ணைத் தினமும் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவள் அவள்தான். இரண்டு வருஷமாக மழை பொய்த்திருக்கிறது; கிடங்கைக் கழுவிவிடத் தண்ணீரே வரவில்லை. அப்படியென்றால் இந்நேரம் அது ஐம்பதுக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. தினம் தினம் கொட்டியும் நிரம்பாத பாத்திரம் என்றால், அதில் ஓட்டை இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இந்தச் சின்னக் கணக்கு இரண்டு வருஷம் தன் கண்ணில் படாமல் போனது எப்படி?

மறுநாள் சூரியன் எழும் முன்பே அவள் சவுக்குத்தோப்பு காலனிக்குப் போனாள். தண்பொழிலின் கிழக்கு மதிலுக்கும் கடலோரக் குப்பத்துக்கும் நடுவில் இருந்தது அது. இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள். தண்பொழிலில் சமைப்பவர்கள், பெருக்குபவர்கள், காவல் நிற்பவர்கள், தோட்டம் பார்ப்பவர்கள் எல்லாரும் அங்கிருந்துதான் வந்தார்கள்.

காலனிக்குள் நுழைந்ததும் முதலில் அவள் கண்ணில் பட்டவை நாய்கள். ஒன்றுகூடத் தரையில் படுத்திருக்கவில்லை. தள்ளுவண்டியின் மேல் இரண்டு, ஒரு திட்டின் மேல் ஒன்று, கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியின் மேல் ஒன்று. சாக்கடை ஓரத்தில் மண்புழுக்கள் மேலே வந்து செத்துக் காய்ந்து கிடந்தன. அடிபம்புக்கு அருகே நின்ற முருங்கை இலையெல்லாம் உதிர்த்து நின்றது. உமையாள் தண்ணீரை அடித்து வெப்பமானியை நீட்டினாள். நாற்பத்தொன்று. விடியலின் குளிர்ந்த காற்றில் அந்தத் தண்ணீரிலிருந்து மெல்ல ஆவி எழுந்தது.

ஞானசுந்தரி அவளை வீட்டுக்குள் கூப்பிட்டு, அங்கே இருந்த ஒரே நாற்காலியில் உட்கார வைத்தாள். மகன் தாவீது வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். மருமகள் ரூபாவதி குழந்தையைப் பாயில் கிடத்தியிருந்தாள். செருப்பைக் கழற்றிய உமையாளின் பாதத்தில் சிமெண்டுத் தரை சுட்டது. வெளியே காற்று முப்பதுக்குக் கீழே இருக்க, தரை மட்டும் ஜுரம் கண்ட நெற்றி போல இருந்தது.

குழந்தை இரவெல்லாம் அழுகிறது, பால் சரியாகக் குடிப்பதில்லை என்று ரூபாவதி சொன்னாள். முதுகு முழுக்க வேர்க்குரு. இந்தக் கோடையில் காலனியில் நாலு வயதானவர்கள் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்ததையும் ஞானசுந்தரி பேச்சுவாக்கில் சொன்னாள். நாலு பேருமே தரையில் படுப்பவர்கள். கட்டிலை விடத் தரைதான் சில்லென்று இருக்கும் என்பது அவர்கள் காலத்துப் பழக்கம்.

குழந்தையைக் கட்டிலில் போடுங்கள் என்று மட்டும் உமையாள் சொன்னாள். ஏன் என்று ஞானசுந்தரி கேட்டபோது, தரையில் பூச்சி பொட்டு வரும் என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பொய் அவள் நாக்கிலேயே நின்றது.

தலைமைப் பொறியாளர் வைத்தியலிங்கம்தான் தண்பொழிலை வடிவமைத்தவர். அறுபது வயதுக்கு மேல் ஆகியும் தினமும் எட்டு மாடி ஏறி இறங்கிச் சுவர்களைத் தொட்டுப் பார்ப்பவர். உமையாள் சொன்னதை அவர் குறுக்கிடாமல் கேட்டார். அவர் முகத்தில் அதிர்ச்சி தெரியாததைப் பார்த்தபோதுதான் உமையாளுக்கு உண்மையான பயம் வந்தது.

"உங்களுக்குத் தெரியும், சார்."

"தெரியும். கிடங்குக்குக் கிழக்குப் பக்கம் தடுப்பே கிடையாது. வரைபடத்துல இருந்துச்சு. கட்டும்போது விட்டுட்டாங்க. மழை ஒழுங்கா பெஞ்ச வரைக்கும் அது ஒரு பிரச்சினையாவே தெரியல." அவர் மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையை நகர்த்தினார். "உமையாள், வெப்பத்த அழிக்க முடியாது. எடம் மாத்தத்தான் முடியும். மனுஷனுக்கு வீடு கட்டுறோம்னா, அவன்கிட்டேர்ந்து எடுக்குற சூட்டுக்கும் ஒரு வீடு பார்த்து வைக்கணும். நாங்க பார்த்து வச்சது மண்ணுன்னு நெனச்சோம். மண்ணுக்கு மேல யார் இருக்காங்கன்னு பார்க்கல."

இப்போது தடுப்பு கட்ட முடியாதா என்று அவள் கேட்டாள். எழுபது மீட்டர் ஆழத்தில், எட்டு அடுக்ககங்களைச் சுமந்துகொண்டிருக்கும் மண்ணில் கை வைக்க முடியாது என்றார். இயந்திரத்தை நிறுத்தினால்? ஆறு மணி நேரத்தில் வீடுகள் நாற்பதைத் தாண்டும். சிறைப்பட்ட காற்று, பதினோராயிரம் பேர். பாதியாகக் குறைத்தால்? இருபத்து நான்கை இருபத்தொன்பது ஆக்கினால் கிழக்கே கசிவது ஏறக்குறைய நின்றுவிடும். அவ்வளவுதான் வேண்டியது, ஐந்து டிகிரி. ஆனால் வீடு வாங்கியவர்கள் அந்த இருபத்து நான்கைத்தான் வாங்கினார்கள்.

"ஐப்பசி வரைக்கும் பொறுங்க. இந்தத் தடவ மழை நல்லா இருக்கும்னு சொல்றாங்க." பிறகு கொஞ்சம் நிறுத்தி, தணிந்த குரலில் கேட்டார்: "உங்க பொண்ணு இருபத்தொன்பதுல தாங்குமா?"

அவர் மிரட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். இருபத்தேழுக்கு மேல் முல்லை மூச்சு வாங்குவாள். இருபத்தொன்பதில் மறுபடி ஈரச்சட்டை, மறுபடி அரைமணிக்கொரு வாளித் தண்ணீர், மறுபடி அந்தப் பதற்றம். சரி சார் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

அதன் பிறகு பதினோரு நாள் அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

ஞானசுந்தரி தினமும் வந்தாள். தினமும் ஒரு செய்தி கொண்டுவந்தாள். கிணற்று மீன்கள் மிதந்தனவாம். பகலிலேயே இரண்டு நல்ல பாம்பு தெருவில் வந்து கிடந்ததாம், யாரைப் பார்த்தும் ஓடவில்லையாம். பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணினாராம். ஒவ்வொன்றுக்கும் உமையாள் ம் கொட்டினாள். இரவில் சுவரில் கை வைத்தால் அதன் குளுமை அவளுக்கு அருவருப்பாக இருந்தது. பக்கத்தில் முல்லை போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கினாள். தன் மகளுக்குப் போர்வை தேவைப்படும் அளவுக்கு இன்னொரு பிள்ளையின் பாய் சுடுகிறது என்ற நினைப்பை எங்கே திரும்பிப் படுத்தாலும் தள்ள முடியவில்லை. மழை வந்துவிடும், மழை வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டாள். வானம் வெளுத்துக் கிடந்தது.

பன்னிரண்டாம் நாள் மதியம், வேலை முடிந்து போன ஞானசுந்தரி ஒரு மணி நேரத்தில் திரும்ப ஓடிவந்தாள். பின்னாலேயே ரூபாவதி. துணியில் சுற்றிய குழந்தை அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. உடம்பு தீயாய்ச் சுட்டது, கண் செருகியிருந்தது. ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம் ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம். காலனியில் வைத்திருக்க முடியாது, இங்கே கொஞ்ச நேரம் என்று ஞானசுந்தரி கையெடுத்துக் கும்பிட்டாள்.

இப்படிப்பட்ட உடம்பை என்ன செய்ய வேண்டும் என்று உமையாளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. துணியை அவிழ்த்து, ஈரத்துணியால் ஒற்றி, குழந்தையின் முதுகைச் சுவரோடு அணைத்துப் பிடித்தாள். முல்லை தானாகவே வெப்பமானியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளும் இதில் பழகியவள்தானே. நாற்பதரை. பத்து நிமிஷத்தில் முப்பத்தொன்பதரை. அரைமணியில் குழந்தை முனகி, முகத்தைச் சுளித்து, பிறகு வீறிட்டு அழுதது. ரூபாவதி சுவரிலேயே சரிந்து உட்கார்ந்து தானும் அழுதாள். ஞானசுந்தரி அந்தச் சுவரைத் தடவி, தடவிய கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதைப் பார்த்ததும் உமையாளுக்குத் தாங்கவில்லை.

"அக்கா, அதத் தொட்டுக் கும்பிடாதீங்க." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "இந்தச் சுவரு எடுக்குற சூடுதான் உங்க தரைக்குக் கீழ போகுது. இங்க குளிர்றது அங்க கொதிக்குது. இதனாலதான் குழந்தைக்கு இப்படி ஆச்சு."

ஞானசுந்தரி முதலில் புரியாமல் பார்த்தாள். உமையாள் எல்லாவற்றையும் சொன்னாள். கிடங்கு, இல்லாத தடுப்பு, அடிபம்பு, நாலு முதியவர்கள், தான் விடியற்காலையில் வெப்பமானியோடு வந்தது, பூச்சி வரும் என்று சொன்னது. எவ்வளவு நாளாகத் தெரியும் என்பதையும் மறைக்கவில்லை. ஞானசுந்தரி கத்துவாள், அடிப்பாள் என்றுகூட எதிர்பார்த்தாள். ஞானசுந்தரி பேத்தியை வாங்கி மருமகளிடம் கொடுத்தாள். கதவருகே போய் நின்று, உள்ளே முல்லை இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தாள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும் மருமகளைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

மறுநாள் காலையில் தண்பொழிலின் எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. பால் வரவில்லை, குப்பை போகவில்லை, வாசலில் காவல் இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களும் கிழக்கு மதிலோரம் பாய் விரித்து உட்கார்ந்திருந்தன. உமையாள் கிடங்கின் கணக்கு முழுவதையும் மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்பினாள். அதன் நகலை வைத்தியலிங்கத்தின் மேசையிலும் வைத்தாள். அவர் அதைப் படித்துவிட்டு, நானே செய்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள் தீர்வு வந்தது. நல்ல தீர்வு என்றே எல்லாரும் நினைத்தார்கள். விற்காமல் கிடந்த எட்டாவது அடுக்ககத்தைக் காலனிக்காரர்களுக்கே கொடுத்துவிடுவது. காலனி நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்வது. இனி அந்தச் சுடும் மண்ணில் யாரும் வாழ வேண்டாம். குடியிருப்புக் கூட்டத்தில் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. காலனிக்காரர்களோடு ஒரே வளாகத்தில் இருப்பதா என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் வெளியே சொல்லவில்லை. உமையாளும் கை தட்டினாள். மார்பில் இருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கிவைத்தது போல இருந்தது. ஞானசுந்தரிக்கு மூன்றாம் மாடியில் வீடு. வழியில் சந்தித்தால் குழந்தையின் தொடையைக் கிள்ளிக் காட்டி, எப்படிக் கொழுத்திருக்கிறது பாருங்கள் என்பாள். பழையபடி பேசவும் தொடங்கிவிட்டாள். ஒருநாள், இப்போதெல்லாம் மருமகளும் அவளும் போர்வைக்குச் சண்டை போடுவதாகச் சொல்லிச் சிரித்தாள்.

கூட்டத்தில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. அன்று உமையாளும் அதைக் கேட்கவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளின் வெப்பம் இப்போது புதிதாகக் கிடங்கில் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது வருஷமும் மழை ஏமாற்றியது. மாசி மாதத்தில் அவளுக்குள் மறுபடி அந்த அரிப்பு ஆரம்பித்தது. காலனிக்கும் கிழக்கே, கடற்கரையை ஒட்டி நெடுங்குப்பம் இருந்தது. மீனவர்கள், நூற்றைம்பது வீடு. அதன் எல்லையில் ஆழ்துளை போட்டு வெப்பம் அளக்கும் கருவி ஒன்றை இறக்கி, வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துவந்தாள். முதல் வாரம் இருபத்தொன்பது. ஐந்தாம் வாரம் முப்பத்து மூன்று. கோடை இன்னும் தொடங்கவே இல்லை.

இந்த முறை அவள் காத்திருக்கவில்லை. அடுத்த நாளே குடியிருப்புப் பிரதிநிதிகளின் கூட்டத்தைக் கூட்டச் சொன்னாள். கூட்டம் நடக்கும் முன் வீட்டில் ஒரு வேலை செய்தாள். தங்கள் வீட்டுச் சுவரை மட்டும் இருபத்தொன்பதுக்கு ஏற்றிவிட்டு, பரணில் கிடந்த பழைய பருத்திச் சட்டைகளை எடுத்துத் துவைத்தாள். எதற்கு என்று முல்லை கேட்டபோது ஒளிக்காமல் சொன்னாள். முல்லைக்குப் பிடிக்கவில்லை. ஈரச்சட்டை நாறும், தோழிகள் சிரிப்பார்கள் என்று அழுதாள். அழுதுகொண்டே போட்டுக்கொண்டாள். ஒரு வாரம் தாயும் மகளும் அப்படியே இருந்து பார்த்தார்கள். கஷ்டமாக இருந்தது, ஆனால் முடிந்தது. உமையாள்தான் தூங்கவில்லை.

பிரதிநிதிகள் மொத்தம் இருபத்து மூன்று பேர். எட்டாவது அடுக்ககத்தின் சார்பில் வந்தவள் ஞானசுந்தரி. காலனி மக்கள் ஒருமனதாக அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். உமையாள் நெடுங்குப்பத்து எண்களைக் காட்டினாள். சித்திரைக்குள் அங்கே தரை சுடும் என்றாள். நமக்கு வேண்டியது ஐந்து டிகிரி விட்டுக்கொடுப்பதுதான், மின்விசிறி போட்டுக்கொண்டால் தாங்கிக்கொள்ளலாம், என் மகளே தாங்குகிறாள் என்றாள். ஒருவர் எழுந்து, நெடுங்குப்பத்துக்காரர்களுக்கும் இங்கேயே வீடு கொடுத்துவிடலாமே என்றார். அப்படியானால் அவர்கள் வீட்டு வெப்பம் எங்கே போகும் என்று வைத்தியலிங்கம் கேட்டார். குப்பத்துக்கு அப்பால் கடல்தானே என்றார் எழுந்து நின்றவர். கடலில் மீன் இருக்கிறதே என்று யாரோ சொன்னார்கள். சிலர் சிரித்தார்கள்.

இருபத்தொன்பதுக்குச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. உமையாள் எதிர்பார்த்ததை விட அதிகமாகவே எழுந்தன. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், இரண்டு இளைஞர்கள், போன தடவை முணுமுணுத்தவர்களில் ஒரு பெண்மணிகூட. பதினொன்று. இன்னும் ஒன்று போதும். உமையாள் மூன்றாம் வரிசையைப் பார்த்தாள். ஞானசுந்தரி முந்தானை நுனியை இரண்டு கையாலும் பற்றி மடியில் வைத்திருந்தாள். அந்தக் கைகள் எழவில்லை.

கூட்டம் கலைந்தது. உமையாள் தாள்களை அடுக்கிக்கொண்டு கடைசியாக வெளியே வந்தபோது, நடைவழியில் ஞானசுந்தரி காத்திருந்தாள்.

"திட்டணும்னா திட்டிடுங்க மேடம்."

உமையாள் திட்டவில்லை. உங்களுக்கே தெரியுமே, அந்தத் தரையில் நீங்கள் படுத்திருக்கிறீர்களே என்றாள்.

"தெரியும். தெரியறதாலதான் பயமாயிருக்கு. இங்க அஞ்சு டிகிரின்னு ஆரம்பிப்பாங்க. அப்புறம் எட்டாவது பிளாக்குக்கு மட்டும் பத்துன்னு சொல்லுவாங்க. அப்புறம் எடத்தக் காலி பண்ணுன்னு சொல்லுவாங்க. திரும்பிப் போறதுக்கு எங்களுக்கு எடம் இல்ல." ஞானசுந்தரி தரையைப் பார்த்தே பேசினாள். பிறகு நிமிர்ந்தாள். "நீங்க எங்கிட்ட எத்தன நாள் கழிச்சு மேடம் சொன்னீங்க?"

"பதினோரு நாள்."

"அந்தப் பதினோரு நாளும் நீங்க கெட்டவங்க இல்ல. உங்களுக்குப் பாப்பா இருந்துச்சு. எனக்கு இப்பத்தான் ஒரு சுவரு கெடைச்சிருக்கு. எனக்கும் கொஞ்ச நாள் குடுங்க."

உமையாள் ஞானசுந்தரியின் கையைப் பிடித்தாள், அது குளிர்ந்திருந்தது. கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு விட்டாள்.

மறுநாள் உமையாள் வேலைக்குப் போகவில்லை. முல்லையின் சட்டையை நனைத்துப் போட்டு, பக்கத்தில் வாளியில் தண்ணீர் நிரப்பி, பகலுக்கு அவளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று ஞானசுந்தரியிடம்தான் போய்க் கேட்டாள். ஞானசுந்தரி எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. அரைமணிக்கு ஒருமுறைதானே நனைக்க வேண்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உமையாளின் வீட்டுக்குக் கூடவே கிளம்பி வந்தாள்.

நெடுங்குப்பத்துக்குள் உமையாள் போவது அதுவே முதல் தடவை. இதுவரை அதன் எல்லையில் நின்று கருவியைப் படித்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள், அவ்வளவுதான். கரையில் ஆட்கள் குறைவு. ஏற்றிப் போட்டிருந்த ஒரு படகுக்குப் பக்கத்தில் ஒரு பெண் மணலில் நெத்திலி பரப்பிக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். கருவாட்டு வாசனைக்கு ஒரு காக்கை சற்றுத் தள்ளி நின்று பார்த்தது. உமையாள் அருகில் போய் நின்றாள்.

"யாரு வேணும்மா?" என்று கேட்டாள் அந்தப் பெண், கையை நிறுத்தாமல்.

"யாரும் இல்ல. ஒண்ணு சொல்லணும். உங்க எல்லாருக்கும்தான்." உமையாள் தொண்டையைச் செருமினாள். "உங்க ஊருக்கு அடியில சூடு வந்துட்டிருக்கு. அத அனுப்பறது நாங்கதான். நான் தண்பொழில்லேர்ந்து வர்றேன்."

அந்தப் பெண்ணின் கை நின்றது. உமையாளை மேலும் கீழும் பார்த்தாள். தூரத்தில் எட்டு அடுக்ககங்களும் வெயிலில் வெள்ளையாய் நின்றன. அவள் அவற்றையும் பார்த்தாள். பிறகு எழுந்து, மீன் ஒட்டியிருந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஓர் ஆளுக்கே போதுமான படகின் நிழலில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். பக்கத்து மணலைத் தட்டிக் காட்டினாள்.

"வெயில்ல நிக்காதீங்க. இப்படி நெழல்ல வந்து உக்காந்து சொல்லுங்க."